கணிச்சம் சொல்லாத பார்

"தாத்தா, பழைய டயர் கிடைக்குமா?"

கயிற்றுக் கடையில் வந்து டயர் கேட்கிறவர்கள் அபூர்வம். அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என் கடை. கயிறு, தூண்டில் முள், ஈயக் குண்டு, மிதவை, தார்ப்பாய், நங்கூரச் சங்கிலி, இவ்வளவுதான் சரக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பையன்கள் வந்து நின்றார்கள். ஒருவன் ராமநாதபுரத்துக் குடும்பத்துப் பிள்ளை. இன்னொருவன் திக்லிப்பூர் பக்கத்து வங்காளி. மூன்றாமவன் ஜங்கிலிகாட்டில் தெலுங்கு பேசும் வீட்டுப் பையன். அந்தமான் வழக்கப்படி தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள்.

"டயர் எதுக்கு மக்கா?"

"கடல்ல மீனுக்கு வீடு கட்டப் போறோம்."

மொபைலில் ஏதோ பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டில் நிறுத்திய மரங்களைச் சேர்த்துக் கட்டி, கனம் வைத்து ஏரியில் இறக்குகிறார்களாம். கொஞ்ச நாளில் மீன் வந்து மொய்க்கிறதாம். அதையே நாம் கடலில் செய்வோம், மரத்துக்குப் பதில் டயர் போட்டால் மக்கிப் போகாது, ஒருமுறை போட்டால் பேரன் காலம் வரைக்கும் மீன். இது அவர்கள் போட்ட கணக்கு. அதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள எனக்கு 50 வருஷம் ஆயிற்று.

பெஞ்சில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். அன்று அவர்களிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவர்கள் வயதில் இருக்கிற எல்லாருக்குமாக.

எனக்கு வயது 74. பிறந்தது குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில். 1970-இல், 19 வயதில், சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மதராசில் கப்பல் ஏறி இங்கே வந்தேன். அதற்குமுன் என் பள்ளிக்கூடம் அப்பாவின் கட்டுமரம்தான். குமரிக் கடலில், தண்ணீருக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்போம். மீன் இருப்பது பாரில்தான். சுற்றிலும் வெறும் மணலாக இருக்கும் இடத்தில் அது ஒரு சந்தை. பார் இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் பாரை உண்டாக்கினார்கள். தென்னமட்டையையும் மரக்கிளையையும் கயிற்றில் கட்டி, கல்லைக் கனம் வைத்து இறக்குவார்கள். அமெரிக்கா பற்றி ஒன்றும் தெரியாத காலத்திலேயே அது நடந்துகொண்டிருந்தது.

இதைச் சொன்னதும் வங்காளிப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய தாது, அதாவது தாத்தா, கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக இங்கே குடியேறியவர். அங்கே ஆற்றில் கிளைகளைக் குவித்து மீன் சேர்ப்பதைக் 'காட்டா' என்பார்களாம். அவர் சொல்லிக் கேட்டிருக்கிறான். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் சிங்கள மீனவர்கள் இதையே 'மஸ் அத்து' என்கிறார்கள், மீன் கிளை என்று பொருள். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டுக் காயல்களில் ஆழமில்லாத தண்ணீரில் கிளைகளைக் காடு மாதிரி நட்டு வைத்து அதை 'அக்காஜா' என்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். மீனைத் துரத்துவதைவிட, மீன் வந்து தங்க ஒரு இடம் செய்வது மேல் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது.

ஏன் வருகிறது மீன்? முதல் நாள் ஒன்றும் வராது. சில நாளில் கிளையின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியும். பிறகு பாசி. பாசியைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள், பூச்சியைத் தின்னச் சின்ன இறால், இறாலுக்குச் சின்ன மீன், சின்ன மீனுக்குப் பெரிய மீன். சாப்பாடு ஒரு காரணம். நிழல் இன்னொரு காரணம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு. வெட்டவெளி மணலில் சிறு மீனுக்குப் பாதுகாப்பு கிடையாது. கிளைகளுக்குள் அதன் உடம்பு நுழையும், துரத்தி வருகிற பாறை மீனின் உடம்பு நுழையாது. முட்டையிட வருகிறவை ஒட்டவைக்க ஒரு குச்சியைத் தேடி வருகின்றன. ஆக, குவியல் என்று நாம் சொல்வது மீனுக்குச் சமையலறை, படுக்கையறை, பிரசவ அறை எல்லாம்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு நான் தொழில் தொடங்கவில்லை. வந்த இரண்டாம் வருஷம், நானும் ஒரு சிநேகிதனும் தெற்கு அந்தமானில் ஓர் ஓடை கடலில் கலக்கும் இடத்தில் எங்கள் முதல் குவியலைப் போட்டோம். அந்தக் கரையில் நின்ற கண்டல் மரங்களின் கிளையையே வெட்டினோம். மூன்றாம் நாள் போய்த் தூக்கிப் பார்த்தோம், மீன் இல்லை. ஐந்தாம் நாள் தூக்கிப் பார்த்தோம், இல்லை. விதை போட்டுவிட்டுத் தினமும் தோண்டிப் பார்க்கிற குழந்தை மாதிரி, தூக்கும் ஒவ்வொரு தடவையும் படிந்த பாசியை நாங்களே உதறிக் கழித்துக்கொண்டிருந்தோம். சலித்துப்போய் விட்டுவிட்டோம். ஒன்றரை மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது தண்ணீர் சலசலத்தது. ஓடிப்போய் வலை எடுத்து வந்து வளைத்தோம். மடவை, ஓரா, கொடுவா, விரல் நீளக் குஞ்சு வரைக்கும் ஒன்று விடாமல் அள்ளினோம். உள்ளே ஒளிந்திருப்பது தப்பிவிடக் கூடாது என்று கிளைகளையும் பிடுங்கிக் கரையில் போட்டோம். காய்ந்ததும் அதை விறகாக்கி அந்த மீனையே குழம்பு வைத்தோம்.

அடுத்த மாதம் அங்கே ஒன்றுமில்லை. இருக்க என்ன இருக்கிறது? வீட்டையும் எரித்துவிட்டோம், குடியிருந்தவர்களையும் தின்றுவிட்டோம். கிளை தந்த மரமும் மொட்டையாக நின்றது.

மக்கா, பொறுமை என்று எல்லாரும் புத்தி சொல்வார்கள். பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நான் கற்றது வேறு. நாம் தொடாமல் இருக்கும் நேரத்தில்தான் கிளையில் பாசி பிடிக்கிறது. வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. செய்வது நாம் இல்லை, அவ்வளவே. இது பிடிபட்டால் காத்திருப்பது கடினமில்லை.

கடை வைத்தபோது இந்தப் பாடம் உதவியது. முதல் வருஷம் ஈ ஓட்டினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் போகிறவர் வருகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டுச் சரக்கைக் கையில் திணிப்பார்கள். எனக்கு அது வரவில்லை. வாசலில் ஒரு மரப் பெஞ்சு போட்டேன், ஒரு பானைத் தண்ணீர் வைத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவன் உட்கார்ந்தான். ஐஸ் வர நேரமாகும் என்று டிங்கிக்காரன் உட்கார்ந்தான். எங்கே மீன் படுகிறது, எந்தக் கயிறு அறுந்தது, எவன் என்ன விலைக்கு வாங்கினான் என்று பேச்சு நடந்தது. பேச வந்தவனுக்கு ஒருநாள் கயிறு தேவைப்பட்டது. பெஞ்சில் உட்கார்ந்தவனிடமெல்லாம் எதையாவது விற்கப் பார்த்திருந்தால் மறுநாள் ஒருவனும் உட்கார்ந்திருக்க மாட்டான். நிலத்தில் நான் போட்ட முதல் கிளை அந்தப் பெஞ்சு. இன்றைக்கும் அதே பெஞ்சுதான். கால் மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்.

யோசித்தால் இந்த பஜாரே ஒரு கிளைக் குவியல்தான். 1858-இல் வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினான். தண்டனை முடிந்தவர்களில் பலர் இங்கேயே வீடு கட்டினார்கள். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்தார்கள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் என்று ஒவ்வொருவராக ஒரு இடுக்குக் கிடைத்து ஒட்டிக்கொண்டோம். வந்தவர்களில் யாரும் யாரையும் விரட்டாததால் தங்கினோம்.

சரி, டயருக்கு வருகிறேன்.

நீங்கள் நினைத்ததை அமெரிக்காவிலேயே நினைத்துச் செய்து பார்த்துவிட்டார்கள். புளோரிடாவில் போர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால், 1972-இல், சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக் கட்டாகக் கடலில் இறக்கினார்கள். பெயர் ஆஸ்பர்ன் பார். ஊர் கூடிச் செய்த காரியம். படகு வைத்திருந்தவர்கள் தாங்களாகவே வந்து உதவினார்கள். கட்டியிருந்த கட்டு உப்பில் அரித்து விட்டுப்போனது. டயர்கள் அவிழ்ந்து, புயல் அடிக்கும்போதெல்லாம் உருண்டு, பக்கத்திலிருந்த உயிருள்ள பவளப் பாறையை இடித்து நொறுக்கின. மீனும் வரவில்லை. டயரில் பெரிதாக ஒன்றும் ஒட்டி வளரவும் இல்லை. பிற்பாடு ராணுவத்தின் முக்குளிப்பவர்களைக்கூட இறக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதாயிற்று. பொறுக்கும் வேலை வருஷக்கணக்கில் நடந்தது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மீனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், நம்மிடம் எது வேண்டாமல் கிடக்கிறது என்று பார்த்தார்கள், அதுதான் கோளாறு. வீட்டில் கிழிந்த சட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தானம் என்று பெயர் வைப்பது இந்த ஜாதிதான். இன்னொருவருக்கு ஒரு உதவி செய்யக் கிளம்பும்போது, அது அவருக்கு வேண்டியதா, நமக்கு வேண்டாததா என்று ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். கேட்டால் நம்மில் பலருடைய புண்ணியக் கணக்கு பாதியாகக் குறையும்.

போடுகிற பொருளைவிடப் போடுகிற இடம் முக்கியம். உயிருள்ள பவளத்தின் மேல் ஒரு குச்சி விழக்கூடாது. 2010 கோடையில் இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததைப் பார்த்தவன் நான். எலும்புக் காடு மாதிரி இருந்தது. மிஞ்சியிருப்பதை நாம் மிதிக்க வேண்டாம். மணலோ சேறோ உள்ள வெறும் இடமாகத் தேடு. படகு போகிற வழியை அடைக்காதே. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அமாவாசைக்கும் அட்டமிக்கும் போய்ப் பார். ஒருநாள் பார்த்துவிட்டுக் கடலைத் தெரியும் என்று சொல்லாதே. மூங்கில் மிதக்கும், அதற்குத் தக்க கல் கட்டு. பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், தேங்காய் நார்க் கயிறு போதும். என் கடையில் பிளாஸ்டிக் கயிற்றில்தான் லாபம் அதிகம், ஆனாலும் சொல்கிறேன். மரம் மக்கும்போது கயிறும் மக்கட்டும். மக்கிப் போகிறதே என்று வருத்தப்படாதே. மக்கினால் மறுபடி கட்டப் போவாய். மறுபடி போனால்தான் அது உன்னுடைய பாராக இருக்கும். பேரன் காலம் வரை ஒரே டயர் கிடந்தால், பேரனுக்குக் கட்டத் தெரியாது.

கண்டல் மரத்தில் கை வைக்காதே. நாங்கள் அன்று செய்தது இன்றைக்குச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது முட்டாள்தனம். குஞ்சு மீனுக்குக் கடவுள் போட்ட கிளைக் குவியல் கண்டல் வேர். அதை வெட்டி வேறோர் இடத்தில் நடுவது, தாய் வீட்டு ஓட்டைப் பிரித்துப் புகுந்த வீட்டுக்குக் கூரை போடுகிற கதை. நீர்கொழும்பில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே மஸ் அத்துக்குக் கண்டல் கிளைதான் வேண்டும். அதனால் மீனவர்களே கண்டலை நட்டு வளர்த்து, அதிலிருந்து கிளை கழித்துக்கொள்கிறார்கள். கிளை எடுக்கிறவன் மரம் வைக்கிறான். என் இருபது வயதில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது.

இனி, போட்ட இடம் யாருக்குச் சொந்தம் என்ற விவகாரம்.

குமரிக் கடலில் அந்தக் காலத்தில் பாரைக் கண்டுபிடிக்கக் கருவி கிடையாது. கரையைப் பார்த்துக் கணக்குப் போடுவோம். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலைமுகடும் ஒரே கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கம், ஒரு ஒற்றைப் பனையும் வேறொரு முகடும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைத் தாழ்த்தினால் அடியில் பார். இதற்குக் 'கணிச்சம்' என்று பேர். கணிச்சம் எழுதி வைப்பதில்லை. அப்பன் மகனுக்குச் சொல்வான், அதுவும் கட்டுமரத்தில் கூடவே கொண்டுபோய்க் காட்டித்தான் சொல்வான். எங்கள் ஊரில் சொத்து என்றால் அதுதான்.

பிறகு விசைப்படகு வந்தது. இழுவை மடி அடிமணலை வழித்துக்கொண்டு போயிற்று, மீன் குறைந்தது. 1980-களில் திருவனந்தபுரம், குமரிக் கரையோர ஊர்கள் சிலவற்றில் மீனவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஊரே காசு போட்டு, கல்லும் கிணற்று உறையும் தென்னையும் கொண்டுபோய்ச் செயற்கைப் பார்கள் இறக்கினார்கள். மீன் சேர்வது ஒன்று. அடியில் கல் கிடந்தால் இழுவை மடிக்காரன் வலை கிழியும் என்று பயந்து விலகுவான், அது இரண்டு. பொருளியல் அறிஞர் ஜான் குரியன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இன்று அரசாங்கமே இதைச் செய்கிறது. 2023-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 42 மீனவ ஊர்களுக்கு எதிரே கான்கிரீட் கட்டிகளை இறக்கும் வேலை விழிஞ்ஞத்தில் தொடங்கியது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அதற்கு வழிகாட்டியது. தமிழ்நாட்டுக் கரையிலும் பல இடங்களில் இறக்கியிருக்கிறார்கள்.

தனி ஆள் ரகசியமாக வைத்திருந்த பாரைவிட, ஊர் கூடிப் போட்ட பார் நிலைத்தது. ஏனென்றால் அதைக் காவல் காக்க நூறு கண் இருந்தது. நீங்கள் மூன்று பேர். மூன்று பேருக்குள் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மீன் வருவதற்கு முன்னால் பேசினால் பேச்சு. மீன் வந்த பிறகு பேசினால் சண்டை.

ஊர் ஒற்றுமை மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கு என் அக்கா மகன் கதை.

அவன் கணவாய்த் தொழிலுக்குக் கர்நாடகம் போனான். மழைக்காலம் முடிந்ததும் குமரி மாவட்டத்துத் தூண்டில்காரர்கள் மங்களூர், கார்வார் பக்கம் போவார்கள். காய் உதிர்ந்த தென்னங்குலைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, மணல் மூட்டையைக் கனம் வைத்து, பிளாஸ்டிக் மிதவை கட்டிக் கடலில் இறக்குவார்கள். ஓட்டுக் கணவாய் அதைத் தேடி வரும். நன்றாகச் சம்பாதித்தார்கள். அங்கத்திய விசைப்படகுக்காரர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய தகராறும் நடந்தது. வலையில் குலை சிக்குகிறது என்றார்கள், எங்கள் கணவாயை நீ வளைத்துக்கொண்டு போகிறாய் என்றார்கள். அந்தச் சண்டையில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்துச் சொன்ன ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கணவாய் அங்கே மேய வரவில்லை. முட்டையிட வந்தது. அதன் ஆயுசே ஏறக்குறைய ஒரு வருஷம்தான். குச்சி கிடைத்தால் அதில் கொத்துக் கொத்தாக முட்டையை ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். இவர்கள் போட்டது அதற்கு அருமையான குச்சி. வந்தது முட்டையை ஒட்டியது, ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தூண்டிலில் ஏறியது. பருவம் முடிந்து குலைக்கட்டைத் தூக்கும்போது முட்டையும் சேர்ந்து வெளியே வந்து காய்ந்தது. தாயும் போயிற்று, பிள்ளையும் போயிற்று.

அக்கா மகன் போனில் சொன்னான்: "மாமா, அதுக்க கையில விளக்கு குடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு கழுத்த அறுத்த மாதிரி இருக்கு." அடுத்த வருஷமும் போனான். கடன் இருந்தது. கடன் இருக்கிறவனுக்கு நான் உபதேசம் செய்யவில்லை.

விஞ்ஞானிகள் இந்தக் குவியல்களைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். இது மீனைப் பெருக்குகிறதா, அல்லது சிதறி இருந்ததை ஓரிடத்தில் கூட்டிப் பிடிக்க வசதி செய்கிறதா? கூட்டம் கூடுவது வேறு, குடி பெருகுவது வேறு. கூட்டம் கூடியதைப் பார்த்துப் பெருகிவிட்டது என்று மயங்கினால், கடைசிக் கூட்டத்தையும் அள்ளிக்கொண்டு வந்து கரையில் நின்று ஆச்சரியப்படுவோம். எந்த பதில் சரி என்பது கிளையைப் பொறுத்தது இல்லை. அது அள்ளுகிற கையைப் பொறுத்தது.

கேரளத்தில் இரண்டையும் ஒரே காயலில் பார்க்கலாம். வேம்பநாட்டுக் காயலில் மாங்கிளை, முந்திரிக் கிளைகளைக் குவித்து மீன் கூடியதும் வலையால் வளைத்துக் குஞ்சு குளுவான்களோடு அள்ளுகிற முறைக்குப் 'படல்' என்று பேர். அங்கே அதற்குத் தடை இருக்கிறது. அதே காயலில், முகம்மா ஊர்ப் பக்கத்து மீனவர்கள் அதே மாதிரி மூங்கிலும் கிளையும் நட்டார்கள். நட்டுவிட்டு, இதற்குள் யாரும் மீன் பிடிக்கக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். 'மத்ஸ்யத் தாவளம்' என்று பெயர் வைத்தார்கள். கரிமீன் அதற்குள் முட்டையிட்டுப் பெருகி, வெளியே வருவதைப் பிடித்துக்கொள்ளலாம். கிளையில் என்ன வித்தியாசம் இருக்கிறது? ஒன்றும் இல்லை.

இந்தச் செய்தியைக் கேட்ட அன்றுதான் எனக்கு அப்பாவின் கதை முழுக்க விளங்கியது.

பன்னிரண்டு வயதிலிருந்து அப்பா எனக்குக் கணிச்சம் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு பாராகக் கூட்டிப்போனார். ஒரு இடத்தில் மட்டும் மரத்தைச் சற்று வளைத்து, விலகிப் போவார். அங்கே பறவைகள் தாழப் பறக்கும், தண்ணீரின் நிறமே கொஞ்சம் மாறியிருக்கும். "அப்பா, அங்க பார் கெடக்குல்லா? கணிச்சம் என்ன?" என்று கேட்டால், "அது நம்ம பார் இல்ல" என்பார். வேறு யாரோ குடும்பத்துச் சொத்து என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தீவுக்கு வந்துவிட்டேன். அவர் இறந்த தந்தி வந்து, கப்பல் பிடித்து, மூன்று நாள் கடலில் கிடந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஏழாம் நாள் ஜெபத்துக்கு வந்த அவருடைய கூட்டாளியிடம் அந்தப் பாரைப் பற்றிக் கேட்டேன். "யாருக்க பார் அது?"

அவர் சிரித்தார். "ஒன் அப்பனுக்க பார்தான். ரெண்டு வருசமா நானும் அவனும் கல்லும் மட்டையும் கொண்டு போட்டோம். போட்ட பிறவு ஒருநாளும் அங்க தூண்டா போட விடல அவன்."

எங்கள் மற்ற பார்களில் வருஷம் முழுக்க மீன் கிடைத்ததற்கு அது ஒரு காரணமா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள, கடன் உள்ள, படிப்பில்லாத ஒரு மனுஷன், பசித்த நாளிலும் அந்த இடத்தைச் சுற்றி வளைத்துப் போயிருக்கிறார். பெற்ற மகனுக்கும் கணிச்சம் சொல்லாமல் போயிருக்கிறார். எல்லாப் பாரையும் எனக்குத் தந்தவர் இதை மட்டும் ஏன் தரவில்லை என்று கோபமாகத்தான் இருந்தது அப்போது. அந்த ஓடையில் குஞ்சையும் அள்ளி, கிளையையும் எரித்தவன்தானே நான். மகனை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மனிதன் போடாத குவியலையும் இங்கே பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு தெற்கு அந்தமானில் நிலமே கொஞ்சம் தாழ்ந்துபோனது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயலில் கடல் தண்ணீர் ஏறி, இறங்கவே இல்லை. பாக்கும் தென்னையும் நின்றபடி செத்தன. வயலை இழந்தவர்களில் என் பெஞ்சுக்கு வருகிறவர்களும் உண்டு. அந்தப் பட்ட மரங்களின் அடியில் பிறகு மீன் வந்தது. கூடவே முதலையும் வந்தது. 'பார்த்தாயா, ஒரு கதவு மூடினால்...' என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தபோது, வயலை இழந்தவர் எழுந்து போய்விட்டார். நானும் அந்த மாதிரிப் பேச மாட்டேன். இழப்பு இழப்புதான். அடுத்தவன் வயல் மூழ்கியதில் நாம் பாடம் எடுக்கக்கூடாது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். தங்க ஓர் இடுக்கு இருந்தால், கடலில் உயிர் வந்து ஒட்டிக்கொள்கிறது. அது யார் போட்ட கிளை என்று கேட்பதில்லை.

பையன்கள் டீயைக் குடித்து முடித்திருந்தார்கள். வங்காளிப் பையன்தான் கேட்டான், இந்தியில்: "அப்போ நாங்க போடலாமா, வேண்டாமா?"

"போடு. மீன்துறை ஆபீசில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு. முதலை நடமாட்டம் உள்ள ஓடைக்குள் இறங்காதே. ஆனால் ஒன்று போடாதே, இரண்டு போடு. ஒன்றில் தூண்டில் போடு. வலை வேண்டாம், குஞ்சு வந்தால் திரும்ப விடு. இன்னொன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடு."

நார்க் கயிறு எடுத்துக் கொடுத்தேன். பாதிப் பணம் தந்தார்கள், மீதி மீன் பட்டதும் என்றார்கள். கணக்கு நோட்டில் மூன்று பேர் பெயரையும் ஒரே வரியில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து மூவரும் வந்தார்கள். கையில் ஒரு சங்கரா மீன், எனக்காக. மூங்கிலும் தென்னமட்டையும் கட்டி இறக்கியிருக்கிறார்கள். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ராமநாதபுரத்துப் பிள்ளை மொபைலை நீட்டினான். திரையில் கடல் நீலமாக இருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

"தாத்தா, ரெண்டாவது எங்க போட்டிருக்கோம்னு பாருங்களேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"காட்டாதே மக்கா."

"ஏன் தாத்தா? உங்களுக்குத் தெரியக்கூடாதா?"

"கிழவன் ஆனாலும் நான் தூண்டில்காரன். தெரிஞ்சா கை சும்மா இருக்காது."